செக்குமாட்டுத் தடத்தை விட்டு வெளியே வருவது எப்படி? படைப்புத் தேக்கத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. அல்லது வருகிறது, ஆனால் போன மாதம் வந்ததே சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறது. எழுதுகிறவர், வரைகிறவர், இசையமைக்கிறவர், படம் எடுக்கிறவர், வடிவமைப்பவர் என யாராக இருந்தாலும் ஒரு நாள் இந்த இடத்துக்கு வந்து சேர்வார்கள். அப்போது சுற்றியிருப்பவர்கள் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் இரண்டில் ஒன்று: "கொஞ்ச நாள் விட்டுவிடு, தானாக வரும்." இல்லையென்றால், "விடாமல் உட்கார், வந்தே தீரும்."

இரண்டும் தவறில்லை. ஆள் மாறிச் சொல்லும்போதுதான் கெடுதல். களைத்துப்போனவரை விடாமல் உட்காரச் சொன்னால் மிச்சமிருக்கும் ஆசையும் போய்விடும். பயத்தில் தள்ளிப்போடுகிறவரைக் கொஞ்ச நாள் விடச் சொன்னால் அந்தக் கொஞ்ச நாள் ஆறு மாதம் ஆகும். ஆகவே எந்தப் பயிற்சியையும் தொடங்குவதற்கு முன்னால், உங்களுடையது எந்த வகைத் தேக்கம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வழிகாட்டியின் மற்ற எல்லாப் படிகளும் அந்த ஒன்றையே சார்ந்திருக்கின்றன.

படி 1: எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

இதற்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கடைசியாகச் செய்த 10 வேலைகளை எடுங்கள். முடிந்தவை மட்டும் போதாது, பாதியில் விட்டவையும் வேண்டும். எழுத்தானால் ஒவ்வொன்றின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அச்செடுங்கள். படமானால் எல்லாவற்றையும் சிறிய அளவில் ஒரே தாளில் அச்சிடுங்கள். இசையானால் ஒவ்வொன்றின் முதல் 30 வினாடியை வரிசையாக ஒரே கோப்பில் போட்டுக் கேளுங்கள். திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது பயன்படாது. பத்தும் ஒருசேரக் கண்ணில் பட்டால்தான் ஒற்றுமை தெரியும்.

இப்போது எண்ணுங்கள். எத்தனை முடிந்திருக்கின்றன? எத்தனை முதல் கால்பங்கிலேயே நின்றன?

பெரும்பாலானவை முடிந்திருந்து, ஒன்றோடொன்று அண்ணன் தம்பி போல இருந்தால், உங்கள் சிக்கல் தடம். கை நன்றாகத்தான் ஓடுகிறது. ஓடிய பாதையிலேயே ஓடுகிறது.

பாதிக்கு மேல் தொடக்கத்திலேயே நின்றிருந்தால், அதிலும் முதல் பத்தி பல வடிவங்களில் திருத்தப்பட்டிருந்தால், அது தணிக்கை. செய்யும்போதே உள்ளே ஒருவர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பத்து வேலைகளைச் சேர்க்கவே ஒன்றிரண்டு ஆண்டு பின்னால் போக வேண்டியிருக்கிறது, மற்றவர்களின் நல்ல படைப்பைப் பார்த்தால்கூட உள்ளே எதுவும் அசையவில்லை என்றால், வறட்சி. உள்ளே போவது நின்றதால் வெளியே வருவதும் நின்றுவிட்டது.

எல்லாம் சரியாகத்தான் போகிறது, ஒரே ஒரு வேலை மட்டும் வாரக்கணக்கில் நகரவில்லை என்றால், முடிச்சு. இதை முழுத் தேக்கமாக நினைத்துப் பயந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். கெட்டிருப்பது அந்த ஒரு வேலைதான். ஆள் நன்றாகவே இருக்கிறார்.

இரண்டு வகை கலந்திருக்கலாம். வறட்சியும் தணிக்கையும் சேர்ந்து வருவது சகஜம். அப்படியானால் வறட்சியை முதலில் கவனியுங்கள். வெறும் கிணற்றில் வாளியை எத்தனை முறை விட்டாலும் சேறுதான் வரும்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். படைப்பில் மட்டுமல்ல, முன்பு பிடித்திருந்த எதிலுமே நாட்டமில்லை, தூக்கமோ பசியோ மாறிவிட்டது, இது இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுவதும் நீடிக்கிறது என்றால் கீழே உள்ள பயிற்சிகள் அதற்கு மருந்தல்ல. அது மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள்; இந்தப் பக்கம் காத்திருக்கும்.

படி 2: தடத்திலிருந்து வெளியேறுவது

நான்கு வகையில் மிகவும் ஏமாற்றக்கூடியது இதுதான். வேலை நடந்துகொண்டே இருப்பதால் சிக்கல் இருப்பதே தெரியாது. ஒரு உளவியல் சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. ஏபிரகாம் லுச்சின்ஸ் 1942-இல் வெளியிட்டது. மூன்று ஜாடிகள்: 21, 127, 3 அளவு கொண்டவை. இவற்றை மட்டும் வைத்து 100 அளவு தண்ணீர் எடுக்க வேண்டும். நடு ஜாடியை நிரப்பி, அதிலிருந்து முதல் ஜாடியை ஒரு முறையும் மூன்றாம் ஜாடியை இரண்டு முறையும் நிரப்பினால் 100 மிஞ்சும். இதே வழியில் தீரும் கணக்குகளாகத் தொடர்ந்து கொடுத்துவிட்டு, பிறகு 23, 49, 3 என்ற ஜாடிகளைக் கொடுத்து 20 கேட்டார்கள். பெரும்பாலானோர் அதே நீண்ட வழியிலேயே போனார்கள். 23-இலிருந்து 3-ஐ எடுத்தால் 20 என்பது அவர்கள் கண்ணில் படவில்லை. முந்தைய கணக்குகளைப் போடாமல் நேரே இதற்கு வந்தவர்களுக்கு அந்தச் சுருக்கு வழி எளிதாகத் தெரிந்தது.

தடத்தில் சிக்கியவருக்கும் இதுவே நடக்கிறது. அவர் திறமை குறைந்துவிடவில்லை. ஒரு வழி பலித்தது, திரும்பவும் பலித்தது, இப்போது அந்த வழியே மற்ற வழிகளை மறைக்கிறது. "புதிதாக யோசி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதால் இது தீராது. பழைய வழியை அடைத்துவிட வேண்டும்.

*பழக்கப் பட்டியல் போடுங்கள்.* படி 1-இல் எடுத்த பத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு, குறைந்தது 15 பழக்கங்களை எழுதுங்கள். "என் நடை சோகமானது" போன்ற பொதுப்பேச்சு வேண்டாம். எண்ணக்கூடியதாக, அளக்கக்கூடியதாக இருக்கட்டும்.

எழுத்துக்கு: முதல் வாக்கியம் எதில் தொடங்குகிறது (வானிலை, ஆள், பேச்சு, இடம்)? யாருடைய பார்வை? கடைசிப் பத்தியில் என்ன நடக்கிறது? ஒரு பத்தியில் சராசரியாக எத்தனை சொற்கள்? எந்த ஐந்து சொற்கள் எல்லாவற்றிலும் வருகின்றன?

ஓவியத்துக்கு: தாளின் அளவு, வெளிச்சம் வரும் பக்கம், முகம் திரும்பியிருக்கும் பக்கம், கை முதலில் போகும் நிறம், முக்கிய உருவம் தாளில் நிற்கும் இடம்.

புகைப்படத்துக்கு: லென்ஸின் குவிய நீளம், எடுத்த நேரம், கேமரா தரையிலிருந்து இருந்த உயரம், பொருளுக்கும் உங்களுக்கும் இருந்த தூரம். முதல் இரண்டும் டிஜிட்டல் கோப்பின் எக்ஸிஃப் விவரத்திலேயே, அதாவது கேமரா படத்தோடு சேர்த்துவைக்கும் குறிப்பிலேயே, பதிவாகியிருக்கும். யூகிக்காமல் அங்கே பாருங்கள். நினைத்ததற்கும் பதிவானதற்கும் பெரும்பாலும் பொருந்தாது.

இசைக்கு: வேகம், சுருதி, முதலில் கையிலெடுக்கும் கருவி, குரல் நுழையும் இடம், முடிக்கும் விதம்.

*பட்டியலில் ஒன்றை மட்டும் தடை செய்யுங்கள்.* ஒன்றே ஒன்று. அந்தத் தடையோடு ஏழு நாளுக்குள் ஐந்து சிறு வேலைகள், ஒவ்வொன்றுக்கும் 30 நிமிடம். ஏன் ஒன்றுதான்? நான்கைந்தை ஒரே நேரத்தில் மாற்றினால் நிற்க இடமில்லாமல் போகும். வருவது மோசமாக இருக்கும், எதனால் மோசம் என்றும் தெரியாது. மூன்றாம் நாளே "எனக்கு அந்தப் பழைய நடைதான் சரி" என்று திரும்பிவிடுவீர்கள்.

தடை எப்படி வேலை செய்கிறது என்று கிட்டப்போய்ப் பார்ப்போம். ஒருவர் எழுதும் எல்லாவற்றிலும் இந்த மாதிரி ஒரு தொடக்கம் இருக்கிறது என்று வையுங்கள்:

"மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவன், அவள் இல்லாத வீட்டின் வெறுமையை உணர்ந்தான்."

பழக்கப் பட்டியலில் அவர் கண்டது: மனநிலையை நேராகப் பெயர் சொல்லி எழுதுகிறார். தடை: உணர்ந்தான், நினைத்தான், தோன்றியது, வெறுமை, தனிமை ஆகியவை வரக் கூடாது. முதல் நாள் என்ன வரும்? "அவன் கண்கள் கலங்கின." பழக்கம் அடைத்த கதவை விட்டுப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டது. இது தோல்வி அல்ல, எல்லோருக்கும் நடப்பது. தடை செய்ததன் நெருங்கிய உறவினர்தான் முதலில் வரும். இரண்டாம் நாள் அந்த உறவினரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்: கண்ணீர், பெருமூச்சு, கனத்த மனம் எதுவும் கூடாது. மூன்றாவது முயற்சியில் கை வேறு எங்கோ தேடத் தொடங்கும்:

"மழை விட்டதும் நனைந்த செருப்பை வாசலில் கவிழ்த்து வைத்தான். பக்கத்தில் இன்னொரு ஜோடிக்கு இடம் இருந்தது."

மனநிலைச் சொற்கள் போனதும் அந்த இடத்துக்கு ஒரு பொருள் வந்தது. இப்போது மழை தேவையா என்ற கேள்வி தானாக எழும். அதையும் எடுத்துவிட்டால்:

"எழுந்ததும் இரண்டு தம்ளர் எடுத்தான். ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தான்."

இது மகத்தான வரியா என்பது வேறு பேச்சு. மழையில் தொடங்கியவர் இங்கே வந்திருக்கிறார், நாம் பார்க்க வேண்டியது அதைத்தான்.

மற்ற கலைகளுக்குச் சில தடைகள். புகைப்படம்: கேமரா முட்டிக்கு மேல் எழக் கூடாது, அல்லது 50 மிமீ லென்ஸைத் தவிர வேறு எதுவும் கூடாது. ஓவியம்: இரண்டே நிறம், கோடே இல்லாமல் நிழல் மட்டும், உருவம் தாளின் நடுவில் வரக் கூடாது. இசை: எப்போதும் நிமிடத்துக்கு 90-க்கும் 100-க்கும் இடையே துடிப்புகள் ஓடும் வேகமானால் 60-இல் செய்யுங்கள்; முதன்மைக் கருவியைத் தொடாமல், முழு மெட்டும் வாயால் பாடி முடிந்த பிறகுதான் கருவி.

தடையைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறு இரண்டு. ஒன்று, தடை மங்கலாக இருப்பது. "வித்தியாசமாகச் செய்" என்பது தடையே அல்ல. மீறினோமா இல்லையா என்று ஒரு வினாடியில் சொல்ல முடிய வேண்டும். மற்றொன்று, பிடிக்காத பழக்கத்தைத் தடை செய்வது. அது ஏற்கெனவே பலவீனமானது. போனாலும் எதுவும் மாறாது. எதை இழக்க மனம் வரவில்லையோ, எதைப் பாராட்டியே உங்களுக்குப் பெயர் வந்ததோ, அதை அடைத்துப் பாருங்கள். ஐந்து வேலைக்குத்தான், பிறகு திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

கட்டுப்பாட்டில் புதிதைக் கண்டெடுப்பது தமிழில் எழுதுகிறவர்களுக்கு அந்நியமான சங்கதி இல்லை. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் (ஓசை அமைப்பைக் காட்டும் மாதிரிச் சொற்களில்) ஒன்றாகத்தான் முடிய வேண்டும். முதலில் மனதில் வந்த சொல் அதில் அடங்காது. வேறு சொல் தேட வேண்டும், தேடும் வழியில் நினைத்தே இராத பொருள் ஒன்று தட்டுப்படும். உதடு ஒட்டாமல் பாடும் இதழகலில் ப, ம போன்ற எழுத்துகளுக்கு இடமே இல்லை. பெரும்பாலான வாடிக்கைச் சொற்கள் அதிலேயே விழுந்துவிடும். பிரான்சில் 1960-இல் தொடங்கிய ஊலிப்போ என்ற இலக்கியக் குழுவின் முழு வேலையே இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளை உருவாக்குவதுதான். அதன் உறுப்பினர் ழார்ழ் பெரெக், பிரெஞ்சில் மிக அதிகமாகப் புழங்கும் ஓர் உயிரெழுத்து ஒரு முறைகூட வராமல் ஒரு முழு நாவல் எழுதி 1969-இல் வெளியிட்டார்.

படி 3: தணிக்கையை வெளியே உட்கார வைப்பது

செய்வதும் சீர்தூக்குவதும் இரண்டு வேலைகள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்ப்பதுதான் இங்கே கோளாறு. தரம் பார்க்கும் கண் கெட்டதல்ல, அது இல்லாமல் நல்ல படைப்பே இல்லை. அதன் முறை வரும்வரை அது காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் பயிற்சி 10 நிமிடம். கடிகாரத்தில் நேரம் வையுங்கள். பேனா தாளை விட்டு எழக் கூடாது. வரைகிறவர் அழிப்பானை வேறு அறையில் வைக்க வேண்டும். தட்டச்சு செய்கிறவர் திரையின் வெளிச்சத்தை முழுவதும் குறைத்துவிடலாம், எழுதியது தெரியாவிட்டால் திருத்த முடியாது. எதுவும் வராதபோது கடைசியாக எழுதிய சொல்லையே திரும்பத் திரும்ப எழுதுங்கள். மூன்று நான்கு முறைக்கு மேல் மனம் அதைத் தாங்காது, வேறொன்றைத் தந்துவிடும். நேரம் முடிந்ததும் தாளை மடித்து உறையில் போட்டு, 24 மணி நேரம் கழித்துத்தான் திறக்க வேண்டும். இந்தக் கடைசி விதியைத்தான் எல்லோரும் மீறுகிறார்கள். உடனே படித்தால் உள்ளே இருக்கும் நீதிபதி அன்றே தீர்ப்பெழுதிவிடுவார், நாளைக்குப் பேனா எழாது.

இரண்டாவது, மோசமான யோசனை இருபது. தாளில் 1 முதல் 20 வரை எண்ணிட்டுக்கொண்டு, எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு 20 மோசமான யோசனைகளை எழுதுங்கள். மோசம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிட்டதால் தணிக்கைக்கு வேலை இல்லை. முதல் ஏழெட்டு யோசனை எல்லோருக்கும் தோன்றக்கூடியவை. நினைவின் மேல்தட்டில் கிடப்பவை. பத்தாவதுக்கு அருகே கை நிற்கும், "இனி ஒன்றும் இல்லை" என்று தோன்றும். அங்கே நிறுத்தியவர்களுக்கு இந்தப் பயிற்சி பலிக்காது. மேல்தட்டு காலியானதால்தான் அந்த நிற்றல். 13-க்குப் பிறகு வருபவைதான் உங்களுடையவை. மறுநாள் 20-இல் இரண்டைக் கோடிட்டு வையுங்கள்.

மூன்றாவது, முடித்துப் பழகுவது. தொடங்கி விட்டுவிடும் வழக்கமுள்ளவருக்கு ஒரு வாரத்தில் ஐந்து முடிவுகள் தேவை. அளவைச் சுருக்கினால்தான் முடியும்: 100 சொல் கதை, உள்ளங்கை அளவுப் படம், 20 வினாடி இசை. முடிந்ததற்கு அடையாளமாகத் தேதியும் தலைப்பும் போடுங்கள். தலைப்பிடும்போது மனம் அதை விட்டுக்கொடுக்கத் தயாராகிறது. தலைப்பில்லாத கோப்பு எப்போதும் திறந்தேதான் இருக்கும்.

வெற்றுத் தாள்தான் பயம் என்றால் அந்தாதி முறை நன்றாகக் கைகொடுக்கும். இன்றைய வேலையின் கடைசிச் சொல் எதுவோ, அதுவே நாளைய வேலையின் முதல் சொல். ஓவியத்தில் இன்றைய படத்தின் ஓர் ஓரத்து வடிவம் நாளைய தாளின் நடுவில் முதல் கோடு. இசையில் முடிந்த சுரத்திலிருந்தே எழும்புவது. தொடக்கம் முடிவாகிவிட்டதால் எங்கே தொடங்குவது என்று தவிக்கும் நேரம் மிச்சம்.

படி 4: வறட்சிக்கு நீர்

முதல் மூன்று நாள் எதுவும் செய்யாதீர்கள். தூக்கக் கடன் இருந்தால் அடையுங்கள். படைப்பைப் பற்றிய காணொளி, பிறர் வெற்றிக் கதை எதையும் பார்க்க வேண்டாம்.

நான்காம் நாள் முதல், கையால் படியெடுத்தல். உங்களுக்குப் பிடித்த ஒருவரின் ஒரு பக்கத்தை எடுங்கள். ஒரு வாக்கியத்தைப் படித்து, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். பார்த்துப் பார்த்து எழுதினால் கை மட்டும்தான் வேலை செய்யும். நினைவிலிருந்து எழுதும்போது உங்கள் சொல் ஒன்று அவருடைய சொல்லின் இடத்தில் உட்கார்ந்துவிடும்; அந்த வேறுபாட்டைச் சிவப்பில் வட்டமிடுங்கள். அவர் ஏன் அதைச் சொன்னார், நீங்கள் ஏன் இதைச் சொன்னீர்கள்? ஒரு பக்கத்தில் பத்துப் பதினைந்து வட்டம் கிடைத்தால் போதும், ஒரு வாரத்துக்கான பாடம் அதில் இருக்கிறது. ஓவியர்கள் ஒரு படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மறைத்து வரையலாம், இசைக் கலைஞர்கள் நான்கு ஆவர்த்தனத்தைக் கேட்டு நிறுத்தி வாசிக்கலாம். இது பயிற்சித் தாள், வெளியிடுவதற்கானது அல்ல.

அடுத்தது ஐம்பது குறிப்பு. வீட்டில் இருக்கும் ஒரு சாதாரணப் பொருள், ஒரு பூட்டோ ஒரு கத்தரிக்கோலோ, அரை மணி நேரம், 50 குறிப்புகள். 15 வரை எளிது: நிறம், எடை, வடிவம். 20-இல் அலுப்புத் தட்டும். 30-க்கு மேல் போனால், கத்தரிக்கோலின் ஒரு வளையம் மற்றதைவிட அதிகம் தேய்ந்திருப்பது தெரியும், கட்டைவிரல் படும் இடத்தில் பளபளப்பு வேறாக இருப்பது தெரியும், அதைப் பிடித்தவர் வலக்கைக்காரர் என்பதும் தெரியவரும். வறட்சி என்பது பெரும்பாலும் அனுபவப் பஞ்சமல்ல, கவனப் பஞ்சம்.

பிறகு நடை. 1926-இல் ஆங்கிலச் சிந்தனையாளர் கிரஹாம் வாலஸ், படைப்புச் சிந்தனையை நான்கு கட்டமாகப் பிரித்தார்: தயாரிப்பு, ஊறல், பொறி, சரிபார்ப்பு. அரிசியை ஊறப் போட்டால்தான் ஊறும். தயாரிப்பு இல்லாமல் ஓய்வு மட்டும் எடுத்தால் ஊறுவதற்கு உள்ளே எதுவும் இல்லை. அதனால் நடக்கப் போகும் முன் சிக்கலை ஒரே வாக்கியக் கேள்வியாக எழுதி, பத்து நிமிடம் அதோடு மல்லுக்கட்டுங்கள். எழுதிய தாளை வீட்டிலேயே வையுங்கள். பிறகு 20 முதல் 40 நிமிடம் நடை, செவியில் எதுவும் இல்லாமல். சட்டைப்பையில் சின்னத் தாளும் பென்சிலும் போதும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நடைப்பயிற்சி எந்திரத்தில் (டிரெட்மில்) நடந்தவர்களுக்குக்கூட, உட்கார்ந்திருந்தபோது வந்ததைவிட அதிகப் புதிய யோசனைகள் வந்தன. ஆனால் ஒரே ஒரு சரியான விடையைக் கண்டுபிடிக்கும் வகைச் சோதனையில் நடை அப்படி உதவவில்லை. யோசனைகளைப் பெருக்க நடங்கள். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உட்காருங்கள்.

வறட்சிக்காரர்கள் வழுக்கும் இடம் ஒன்றுண்டு. "உத்வேகம் தேடுகிறேன்" என்று பிறர் படைப்புகளைச் சேர்த்துக்கொண்டே போவது. நூற்றுக்கணக்கில் சேமித்த படங்கள், படிக்காத நூல்கள், கேட்காத பட்டியல்கள். சேர்ப்பதே வேலை செய்த திருப்தியைத் தந்துவிடுகிறது. எளிய விதி: சேமிக்கும் ஒவ்வொன்றுக்கும் கீழே, அதில் எது உங்களைப் பிடித்தது என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். எழுத முடியாததைச் சேமிக்க வேண்டாம்.

படி 5: முடிச்சை அவிழ்ப்பது

ஒரு வேலை 60-ஆம் பக்கத்தில் நின்றால் எல்லோரும் 60-ஆம் பக்கத்தையே முட்டுகிறார்கள். பழுது பெரும்பாலும் அதற்கு முன்னால், 45-இலோ 50-இலோ இருக்கும். அங்கே எடுத்த ஒரு முடிவுதான் இங்கே வழியை அடைத்திருக்கிறது: ஒரு பாத்திரம் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது, ஒரு நிறம் வெளிச்சத்தின் திசையை மாற்றிவிட்டது, ஒரு தாளக்கட்டு அடுத்த பகுதிக்கு மூச்சுவிட இடம் வைக்கவில்லை.

கண்டுபிடிக்கும் முறை: தொடக்கத்திலிருந்து சத்தமாகப் படித்துக்கொண்டே வாருங்கள், பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு. குரல் எங்கே தளர்கிறதோ, எங்கே வேகமாகக் கடந்து போக ஆசை வருகிறதோ, அங்கே ஒரு கோடு. முதல் கோடுதான் முக்கியம். மூலத்தை அப்படியே வைத்துவிட்டு ஒரு நகலெடுத்து, அந்த முதல் கோட்டுக்குப் பிறகு எல்லாவற்றையும் வெட்டுங்கள். நகல் என்பதால் கை கூசாது. அந்த இடத்திலிருந்து மூன்று வேறு வழிகளை, ஒவ்வொன்றும் அரைப் பக்கம், எழுதுங்கள். இரண்டு வழி போதாது; ஏற்கெனவே இருந்ததும் அதன் நேர் எதிரும்தான் வரும். மூன்றாவதுக்குத்தான் யோசிக்க வேண்டியிருக்கும்.

ஓவியத்தைக் கண்ணாடியில் திருப்பிப் பாருங்கள், கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நிறம் மறைத்திருந்த பழுது வெளிச்ச அளவில் தெரிந்துவிடும். இசையைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு அடுக்காக நிறுத்திக் கேளுங்கள். எதை நிறுத்தியதும் பாட்டு மூச்சுவிடுகிறதோ அதுதான் குற்றவாளி. எழுதுகிறவர் கதையை ஒருவரிடம் வாயால் சொல்லி அதைப் பதிவு செய்யலாம். பேசும்போது தாண்டிப் போன பகுதி எதுவோ, அது தாளிலும் தேவையில்லாமல் இருக்க வாய்ப்புண்டு.

இசைக் கலைஞர் பிரையன் ஈனோவும் ஓவியர் பீட்டர் ஷ்மிட்டும் 1975-இல் ஒரு சீட்டுக்கட்டு வெளியிட்டார்கள். முட்டி நிற்கும்போது ஒரு சீட்டை உருவி, அதில் இருக்கும் குறிப்பின்படி நடப்பது. இந்த மாதிரி ஒரு கட்டை நீங்களே செய்துகொள்ளலாம், 20 சீட்டு போதும். உங்கள் பழக்கப் பட்டியலுக்கு எதிரானவற்றை எழுதுங்கள்: "முக்கியமானவரை அறையை விட்டு வெளியே அனுப்பு", "கடைசிப் பகுதியை முதலில் வை", "இருப்பதில் பாதியை எடு". உருவிய சீட்டைத் திரும்ப வைக்கக் கூடாது என்பது மட்டும் விதி; வைக்கலாம் என்றால் வசதியான சீட்டு வரும்வரை உருவிக்கொண்டே இருப்போம்.

படி 6: பதினான்கு நாள்

நாள் 1: படி 1 மட்டும். வேறு எதுவும் வேண்டாம்.

நாள் 2 முதல் 4: தடக்காரர் பழக்கப் பட்டியலும் முதல் இரண்டு தடை வேலைகளும். தணிக்கைக்காரர் தினமும் 10 நிமிடம் பேனா எழாத பயிற்சியும், நாள் 3-இல் மோசமான இருபதும். வறட்சிக்காரர் ஓய்வு. முடிச்சுக்காரர் சத்தமாகப் படித்துக் கோடிட்டு வெட்டுவது.

நாள் 5 முதல் 8: தினம் 30 நிமிடம், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். தடக்காரர் மீதி மூன்று வேலை. தணிக்கைக்காரர் சிறு முடிவுகள். வறட்சிக்காரர் படியெடுத்தலும் ஐம்பது குறிப்பும் மாறி மாறி. முடிச்சுக்காரர் மூன்று வழிகளும். 30 நிமிடத்துக்கு மேல் ஆசையாக இருந்தாலும் எழுந்துவிடுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரியும்போதே நிறுத்தி, அதை ஒரு வரியில் குறித்து வையுங்கள். காலியாகும்வரை எழுதியவர் நாளைக்குக் காலியாகவே உட்காருவார்.

நாள் 9: விடுமுறை. நடை மட்டும்.

நாள் 10 முதல் 13: வழக்கமான வேலைக்குத் திரும்புங்கள், ஒரே ஒரு பயிற்சியை மட்டும் உடன் வைத்துக்கொண்டு. எது என்று தேடவேண்டாம், இந்தப் பத்து நாளில் எதைச் செய்யும்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லையோ அது.

இடையில் ஒரு நாள் தவறினால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் அடைக்க வேண்டாம். புதுக் கருவி, புது மென்பொருள், புது நோட்டு எதையும் இந்தப் பதினான்கு நாளில் வாங்காதீர்கள். கற்றுக்கொள்ளும் பரபரப்பைத் தேக்கம் உடைந்ததாக எடுத்துக்கொண்டுவிடுவோம், பரபரப்பு அடங்கியதும் பழைய இடத்திலேயே நிற்போம். செய்பவற்றை யாருக்கும் காட்டவும் வேண்டாம். பாராட்டு வந்தால் அதையே திரும்பச் செய்யத் தோன்றும், குறை வந்தால் தணிக்கை விழித்துக்கொள்ளும்.

நாள் 14: உறைகளைத் திறந்து, இரண்டு வாரத்தில் செய்த எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். நாள் 1-இல் எடுத்த பத்தையும் பக்கத்தில் வையுங்கள். நல்லதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். பழைய பத்தில் எங்கும் இல்லாத ஒன்று, ஒரு சொல்லோ ஒரு கோணமோ ஒரு நிறமோ, புதியதில் இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். கண்டால் வட்டமிட்டு, அடுத்த வேலையை அதிலிருந்து தொடங்குங்கள். எங்கும் இல்லையென்றால் படி 1-இல் வகை மாறிப்போயிருக்கிறது. அதிகம் நடக்கும் பிழை, வறட்சியைத் தடம் என்று எடுத்துக்கொள்வது. மூன்று நாள் ஓய்விலிருந்து, படி 4-இன்படி மறுபடியும் தொடங்குங்கள். பழக்கப் பட்டியலைத் தூக்கிப் போடாதீர்கள். தேதியிட்டு வைத்து மூன்று மாதம் கழித்து எடுத்தால், அதில் எந்தெந்த வரி இன்னும் உண்மை என்பது தெரியும், புதிதாக எந்த வரியைச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்பதும் தெரியும்.